வலி இல்லை, பார்வை 6/6, பிரஷர் 18: அப்படியும் கிளாக்கோமா இருக்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 62 வயது. கண்ணாடி பவர் மாற்றப் போன இடத்தில் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர், நரம்பில் சந்தேகம் இருக்கிறது என்று மேலும் இரண்டு டெஸ்ட் எடுத்திருக்கிறார். பிறகு 'ஓப்பன் ஆங்கிள் கிளாக்கோமா' (பார்வை நரம்பு மெதுவாகக் கெடும் நோயின் ஒரு வகை) என்று எழுதி, தினமும் இரவில் போடச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கோ வலி இல்லை, சிவப்பு இல்லை, கண்ணாடி போட்டால் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை, அதாவது 6/6, படிக்கிறார். கண் பிரஷரும் 18தான். 21 வரை நார்மல் என்று நீங்களே எங்கோ படித்திருக்கிறீர்கள். 'இந்த நோய் உள்ளவர்களுக்கு என்னதான் அடையாளம்? ஒன்றுகூட அப்பாவுக்குப் பொருந்தவில்லையே' என்று கேட்கிறீர்கள். அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரா, சொட்டு மருந்தை நிறுத்திவிடலாமா என்பது. கேட்கத் தயங்கியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் கண் மருத்துவர். இருபது வருடத்துக்கும் மேலாகப் பெரும்பாலும் கிளாக்கோமா நோயாளிகளைத்தான் பார்க்கிறேன். உங்கள் அப்பாவின் கண்ணை நான் பார்க்கவில்லை, ஆகவே அவருக்கு இருக்கிறது என்றோ இல்லை என்றோ இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். நீங்கள் அடுக்கிய நான்கு விஷயங்களில் ஒன்றுகூட இந்த நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் அச்சு அசலாக உங்கள் அப்பா மாதிரிதான் இருப்பார்கள். கண்ணாடி மாற்ற வந்தவர்கள், சர்க்கரைக்காக விழித்திரையைக் காட்ட வந்தவர்கள், மனைவிக்குத் துணையாக வந்து 'எனக்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்' என்று உட்கார்ந்தவர்கள். பார்வையில் ஏதோ சரியில்லை என்று தானாகக் கிளம்பி வருகிறவர், பல சமயம் ரொம்பத் தாமதமாக வந்தவராக இருக்கிறார். வளர்ந்த நாடுகளில் வீடு வீடாகக் கணக்கெடுத்த ஆய்வுகளிலேயே, இந்த நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பது அன்று வரை தெரியாது.

பெயரிலிருந்து தொடங்கலாம். கண்ணின் முன்பகுதிக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. நிமிடத்துக்கு இரண்டு இரண்டரை மைக்ரோலிட்டர்தான் ஊறும், ஊறுகிற அளவுக்கு வெளியேறவும் வேண்டும். கண்ணின் முன்னே கண்ணாடி போல இருக்கும் கருவிழியும் அதன் பின்னால் இருக்கும் நிறத்திரையும் சந்திக்கிற மூலையில் சல்லடை மாதிரி ஒரு திசு இருக்கிறது. நீர் அதன் வழியாகத்தான் வடிகிறது. அந்த மூலைதான் 'ஆங்கிள்'. நிறத்திரை முன்னால் வந்து மூலையை அடைத்துக்கொண்டால் அது மூடிய கோண வகை. அதில் பிரஷர் திடீரென்று எகிறினால் கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் எல்லாம் வரும். கிளாக்கோமா என்றால் வலிக்கும் என்று பலரும் நினைப்பது இந்த வகையைப் பற்றிக் கேள்விப்பட்டதால்தான். திறந்த கோண வகையில் மூலை திறந்தே இருக்கும், சல்லடைதான் நீரைத் தாராளமாக விடாது. எல்லாமே வருடக்கணக்கில் மெதுவாக நடப்பதால் வலிக்கக் காரணமே இல்லை. சளி, ஒவ்வாமை மாத்திரைகளின் தாளில் 'கிளாக்கோமா உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது' என்று இருப்பதும் பெரும்பாலும் மூடும் நிலையில் உள்ள கோணத்துக்கான எச்சரிக்கைதான். அப்பாவுக்குக் கோணம் திறந்திருக்கிறது என்று உறுதியானால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் திறந்திருக்கிறதா என்பதைக் கண்ணில் மரப்பு மருந்து விட்டு, கண்ணாடி பதித்த ஒரு லென்ஸைக் கருவிழி மேல் வைத்து, உள்ளே பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கோனியோஸ்கோப்பி என்று பெயர், ஐந்து நிமிட வேலை. அவசரத்தில் அதிகம் விட்டுப்போகிற பரிசோதனையும் இதுதான்.

பிரஷர் 18 என்பதற்கு வருவோம், குழப்பத்தின் வேரே அங்கேதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்களின் கண் பிரஷரை அளந்தபோது சராசரி 15, 16 மில்லிமீட்டர் பாதரசம் என்று வந்தது. சராசரியிலிருந்து இருபுறமும் புள்ளியியல் கணக்கில் ஓர் எல்லை போட்டார்கள், மேல் எல்லை 21 என்று விழுந்தது. அவ்வளவுதான் அந்த எண்ணின் வரலாறு. 21க்குக் கீழே நரம்புக்கு ஆபத்தில்லை என்று யாரும் நிரூபித்து வைத்த கோடு இல்லை அது. ஜப்பானில் தஜிமி என்ற ஊரில் நடந்த கணக்கெடுப்பில், திறந்த கோண கிளாக்கோமா இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு பிரஷர் 21 அல்லது அதற்குக் கீழேதான் இருந்தது. அந்த மக்களிடம் இது மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவின் பால்டிமோர் ஆய்விலும் முதல் அளவில் பாதிப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள். மறுபக்கமும் உண்டு. பிரஷர் 24 முதல் 32 வரை இருந்து, நரம்பும் பார்வைப் பரப்பும் நன்றாக இருந்த 1,636 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. மருந்தே போடாத பிரிவில் ஐந்து வருடத்தில் நோய் வந்தவர்கள் 9.5 சதவீதம், மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம். மருந்து பாதியாகக் குறைத்திருக்கிறது, சரி. ஆனால் உயர்ந்த பிரஷருடன் மருந்தில்லாமல் இருந்தும் பத்தில் ஒன்பது பேருக்கு ஐந்து வருடம் வரை ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பிரஷர் ஒரு முக்கியமான காரணம், நம்மால் மாற்றக்கூடியதாக நிரூபணமான ஒரே காரணமும் அதுதான். அதையே நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த 18 உண்மையில் 18தானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. கருவியின் கணக்கு, கருவிழி ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமன் கொண்டது என்ற அடிப்படையில் போடப்பட்டது. கருவிழி மெலிதாக இருந்தால் பிரஷர் குறைவாகக் காட்டும், தடிமனாக இருந்தால் கூடுதலாகக் காட்டும். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் குறைவாகவே காட்டும். தவிர, பிரஷர் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. சாதாரணக் கண்ணிலேயே மூன்று முதல் ஆறு வரை ஏறி இறங்கும், கிளாக்கோமா கண்ணில் பத்தையும் தாண்டும். பலருக்கு உச்சம் வருவது படுத்துத் தூங்கும்போது, அந்த நேரத்தில் யாரும் அளப்பதில்லை. பகல் பதினொரு மணிக்கு எடுத்த ஓர் அளவை வைத்து ஒரு மனிதரின் கண்ணை எடைபோட முடியாது. இன்னொரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன்: கண் பிரஷரும் ரத்த அழுத்தமும் வேறு வேறு. பிபி மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், ஆகவே கண் பிரஷரும் கட்டுக்குள்தான் இருக்கும் என்று நினைப்பது தவறு.

அப்படியானால் டாக்டர் எதைப் பார்த்துச் சொன்னார்? நரம்பைப் பார்த்து. விழித்திரையிலிருந்து சுமார் பத்து லட்சம் நரம்பிழைகள் ஓரிடத்தில் குவிந்து, கேபிளாகத் திரண்டு மூளைக்குப் போகின்றன. அவை குவிகிற இடம் லென்ஸ் வழியாகப் பார்த்தால் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு சின்ன வட்டமாகத் தெரியும். நடுவில் வெளிறிய ஒரு குழி இருக்கும், அதைத்தான் 'கப்' என்கிறோம். குழியைச் சுற்றியுள்ள சதைப்பற்றான விளிம்புதான் உயிருள்ள இழைகள். இழைகள் சாகச் சாக விளிம்பு மெலியும், குழி அகலும். அறிக்கையில் 0.6, 0.7 என்று எழுதியிருப்பது முழு வட்டத்தில் குழி எவ்வளவு என்ற விகிதம். அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம், பிறவியிலேயே வட்டம் பெரிதாக இருப்பவர்களுக்குக் குழியும் பெரிதாகத்தான் இருக்கும். நாங்கள் தேடுவது வேறு. ஆரோக்கியமான கண்ணில் விளிம்பு பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தான் அதிகத் தடிமனாக இருக்கும், அடுத்தது மேல்பக்கம். கீழ்ப்பக்கம் கடித்தெடுத்தது போல ஒரு வெட்டு விழுந்திருக்கிறதா? இரண்டு கண்ணின் விகிதத்துக்கும் இடையில் 0.2க்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா? விளிம்பின் மேல் மெல்லிய தீக்கொழுந்து போல ஒரு சிவப்புக் கீற்று தெரிகிறதா? அந்தக் கீற்று ஒரு நுண்ணிய ரத்தக்கசிவு. சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் தானாக மறைந்துவிடும், ஆனால் அது தெரிந்த கண்ணில் நோய் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிரஷர் நார்மலாக உள்ளவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். கண்மணியை விரிக்காமல் அவசரமாகப் பார்த்தால் இதெல்லாம் தப்பிப்போகும். உங்கள் அப்பாவின் டாக்டர் கண்ணாடி பவருக்காக வந்தவரின் நரம்பையும் நின்று பார்த்திருக்கிறார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

'கடைசி வரி வரை படிக்கிறாரே' என்பதற்கு விளக்கம் எளிது. எழுத்துப் பலகை நடுப்பார்வையை மட்டும்தான் சோதிக்கிறது, கிளாக்கோமா பெரும்பாலும் நடுவை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள பரப்பைத்தான் முதலில் தின்கிறது. மூக்குப் பக்கம் ஒரு படிக்கட்டு போன்ற இழப்பு, அப்புறம் வில் போல வளைந்த ஒரு பட்டை, கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது போன்ற நிலை. குழாய்ப் பார்வை வந்த பிறகும் சிலர் 6/6 படிப்பார்கள்! சாதாரண டெஸ்டில் பார்வைப் பரப்பு குறைவது தெரிவதற்கு முன்பே கால்வாசிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் போயிருக்கக்கூடும் என்று, இறந்தவர்களின் கண்களை ஆராய்ந்த ஆய்வுகள் காட்டின. அவ்வளவு போயும் ஏன் தெரியவில்லை? ஒரு கண்ணின் ஓட்டையை மறுகண் மறைக்கிறது. மிச்சத்தை மூளை சுற்றியிருப்பதை வைத்து நிரப்பிவிடுகிறது. படங்களில் கிளாக்கோமா என்றால் ஓரமெல்லாம் கருப்பாகக் காட்டுவார்கள். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நோயாளிகளிடம் பல படங்களைக் கொடுத்து, உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள். கருப்புத் திட்டுப் படத்தை ஒருவர்கூட எடுக்கவில்லை. சில இடங்கள் மங்கலாக இருக்கும் படத்தையும், ஒரு பொருள் காணாமல் போயிருக்கும் படத்தையும்தான் எடுத்தார்கள். கால்வாசிப் பேருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நான் தினமும் கேட்பதும் இதேதான்: படியில் கடைசிப் படியைத் தவறவிட்டேன், பக்கத்தில் வந்த ஆள் திடீரென்று முளைத்த மாதிரி இருந்தது, படிக்கும்போது அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டியிருக்கிறது, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் கண் பழக நேரம் ஆகிறது. இதையெல்லாம் வயதாகிவிட்டது என்று அவர்களே முடித்துவிடுவார்கள்.

பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பலர் அதை வெறுக்கிறார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, அரைக்கோளத்துக்குள் தாடையை வைத்து, நடுவில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு, எங்காவது வெளிச்சம் மினுங்கினால் பட்டனை அழுத்த வேண்டும். பாதி நேரம் ஒன்றுமே தெரியாது. 'நான் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது' என்று பதறுவார்கள். பதற வேண்டாம். நன்றாகத் தெரிகிற கண்ணிலும் கருவி வேண்டுமென்றேதான் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகும், எது கண்ணுக்குத் தெரியும் எல்லை என்று அளக்க அதுதான் வழி. முதல் தடவை செய்யும் டெஸ்ட் பல சமயம் உண்மையைவிட மோசமாக வரும், இரண்டாவது மூன்றாவது தடவை கை பழகிவிடும். ஆகவே ஒரே ஒரு ஃபீல்டு டெஸ்டை வைத்து நோயை உறுதிசெய்வதும் கூடாது, முற்றிவிட்டது என்று முடிவுகட்டுவதும் கூடாது.

சரி, இந்த நோய் யாருக்கு வருகிறது? வயதுதான் முதலில். நாற்பதுக்கு மேல் ஒவ்வொரு பத்தாண்டிலும் கூடுகிறது. அடுத்தது குடும்பம். ரோட்டர்டாம் ஆய்வில், நோயாளிகளின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாளில் நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம், நோய் இல்லாதவர்களின் உறவுகளுக்கு 2.3 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, அதிலும் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு, வாய்ப்பு கூடுதல். மெலிந்த கருவிழி தனியாகவே ஓர் ஆபத்துக் காரணி. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு மூன்று நான்கு மடங்கு அதிகமாகவும் இளவயதிலேயும் வருகிறது. கண்மணியின் விளிம்பில் பொடுகு போல வெள்ளைத் துகள் படியும் சூடோ எக்ஸ்ஃபோலியேஷன் என்ற நிலை இருந்தால் பிரஷர் மிக உயரும், வேகமாகவும் கெடும். இவை எல்லாவற்றையும்விட நான் பதைப்போடு சொல்வது ஸ்டீராய்டு. அரிப்புக்காக யாரோ எழுதிக்கொடுத்த சொட்டை மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போடுகிறவர்கள், முகத்துக்கு ஸ்டீராய்டு க்ரீம் தடவுகிறவர்கள், ஆஸ்துமாவுக்கும் மூட்டுக்கும் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் பொருந்தும். ஸ்டீராய்டு சொட்டை வாரக்கணக்கில் போட்டால் மூன்றில் ஒருவருக்கு பிரஷர் ஓரளவு ஏறும், நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறும். ஏறுவது வலிக்காது, சொட்டு போட்டதும் அரிப்பு அடங்கிச் சுகமாகவும் இருக்கும். அப்பா இப்படி ஏதாவது போட்டுக்கொண்டிருந்தாரா என்று அவசியம் விசாரியுங்கள். தேவையான மருந்தாக இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னவை ஓரளவு உறுதியானவை. இனி வருபவை அப்படி இல்லை. சர்க்கரை நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றும் இல்லை என்றும் இரு பக்கமும் ஆய்வுகள் இருக்கின்றன. மேலே சொன்ன 1,636 பேர் ஆய்வில் முதலில் சர்க்கரை பாதுகாப்பு தருவது போலக்கூடத் தெரிந்தது, பின்னர் அந்த முடிவு நிற்கவில்லை. ரத்த அழுத்தத்தில் கதை இன்னும் சிக்கல். தூக்கத்தில் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கினால் நரம்புக்கு ரத்தம் குறைந்து கெடுதல் வரலாம் என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, ஆகவே நார்மல் பிரஷரில் நோய் முன்னேறுகிறவர்களிடம் பிபி மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்பேன். தூக்கத்தில் மூச்சு அடைப்பு, ஒற்றைத் தலைவலி, குளிரில் விரல் வெளுத்துப்போவது ஆகியவையும் சில ஆய்வுகளில் சேர்ந்து வருகின்றன, காரணம் என்று சொல்லும் அளவுக்கு வலு இல்லை. வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நிகோட்டினமைடு நரம்பைக் காக்குமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. முடிவு வரும் முன்பு மாத்திரை வாங்கி விழுங்குவதை நான் ஆதரிக்கவில்லை. தலைகீழாக நிற்கும் ஆசனம் மட்டும் சந்தேகத்தில் வராது. அந்த நிலையில் கண் பிரஷர் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். நடப்பது, ஓடுவது போன்ற உடற்பயிற்சி நல்லது.

டாக்டர் தவறியிருக்கக்கூடுமா என்ற கேள்வியும் நியாயமானதே. இந்த நோய் இருப்பதை இல்லையென்று விடுவதும் உண்டு, இல்லாததை உண்டு என்பதும் உண்டு. பெரிய வட்டத்தின் பெரிய குழி, கிட்டப்பார்வைக் கண்ணில் சாய்ந்து கிடக்கும் நரம்பு, இரண்டும் நன்றாக ஏமாற்றும். நரம்பிழை அடுக்கின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனில் சிவப்பு வந்தாலே நோய் என்று சொல்லிவிட முடியாது. கருவியில் சேமித்து வைத்திருக்கும் சாதாரணக் கண்களின் கூட்டத்தோடு ஒப்பிட்டு, அதில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகக் காணப்படும் தடிமன் என்றால் சிவப்பு காட்டும். கண் நீளமாக இருந்தாலும், கண்புரையால் படம் சரியாக விழாவிட்டாலும் சிவப்பு வரும். இன்னொன்று அபூர்வம், ஆனால் தவறவிடக் கூடாதது. நரம்பைக் கட்டியோ வீங்கிய ரத்தக்குழாயோ பின்னாலிருந்து அழுத்தினாலும் குழி விழலாம். குழி சிறிதாக இருக்க விளிம்பு வெளுத்துப்போயிருந்தாலோ, நிறம் மங்கித் தெரிந்தாலோ, பார்வை எழுத்துப் பலகையிலேயே குறைந்திருந்தாலோ, பரப்பு இழப்பு மேல் கீழாகப் பிரியாமல் இடது வலமாகப் பிரிந்தாலோ, எம்ஆர்ஐ எடுக்காமல் கிளாக்கோமா என்று முடிக்கக் கூடாது. ஆகவே அப்பாவின் கோப்பில் இவை இருக்கின்றனவா பாருங்கள்: கோனியோஸ்கோப்பி குறிப்பு, கருவிழித் தடிமன், வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரண்டு மூன்று பிரஷர் அளவுகள், நரம்பின் புகைப்படம், ஓசிடி, குறைந்தது இரண்டு ஃபீல்டு டெஸ்ட். நரம்பில் மெலிந்த இடமும், ஓசிடியில் மெலிந்த இடமும், ஃபீல்டில் இழந்த இடமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கீழ் விளிம்பு மெலிந்திருந்தால் இழப்பு மேல் பாதியில் தெரியும், கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால். மூன்றும் பொருந்திவிட்டால் நோய் கிட்டத்தட்ட உறுதி. பொருந்தவில்லை என்றால் இன்னொரு கிளாக்கோமா டாக்டரிடம் காட்டுவதில் தப்பே இல்லை, எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அதுவரைக்கும் சொட்டை நிறுத்த வேண்டாம். இரண்டாவது டாக்டர் மருந்தில்லாத பிரஷரைப் பார்க்க விரும்பினால் எத்தனை வாரம் நிறுத்துவது என்று அவரே சொல்வார்.

நார்மல் பிரஷருக்கு ஏன் பிரஷர் மருந்து என்று உங்களுக்குத் தோன்றும். அந்த நரம்புக்கு 18கூடத் தாங்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். பிரஷர் நார்மலாக இருந்தும் நோய் இருந்தவர்களுக்கு 30 சதவீதம் குறைத்துப் பார்த்த ஆய்வு 1998இல் வந்தது. சிகிச்சை பெற்ற கண்களில் 12 சதவீதமும், பெறாதவற்றில் 35 சதவீதமும் மேலும் கெட்டன. நார்மலுக்கு உள்ளேயே குறைத்ததற்குப் பலன் இருந்தது, ஆனால் மருந்தில்லாமலும் பாதிக்கும் மேற்பட்ட கண்களில் நோய் நகரவில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நோய் உறுதியானாலே குருடு என்று நினைத்து ஒடிந்துபோகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தில்லாமல் விட்டால் எவ்வளவு வேகத்தில் கெடுகிறது என்று ஸ்வீடனில் அளந்திருக்கிறார்கள். ஃபீல்டு டெஸ்டின் அளவு டெசிபெல். அதில் பூஜ்யம் நல்ல கண், மைனஸ் முப்பது பார்வையற்ற கண்ணுக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்மல் பிரஷர் வகையில் சராசரியாக வருடத்துக்கு 0.36 டெசிபெல், உயர் பிரஷர் வகையில் 1.31, அந்த வெள்ளைத் துகள் வகையில் 3.13. மைனஸ் நாலில் இருக்கும் கண் மைனஸ் இருபத்து நாலுக்குப் போக முதல் வேகத்தில் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும், கடைசி வேகத்தில் ஏழு வருடம்கூட ஆகாது. நோயின் பெயர் ஒன்றுதான், பாருங்கள் எவ்வளவு தூரம்! அப்பா எந்த வேகத்தில் இருக்கிறார் என்பது முதல் நாளில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் முதல் இரண்டு வருடத்தில் ஆறு ஃபீல்டு டெஸ்ட் வரை கேட்கிறோம். சராசரியைச் சொன்னேன், தனி மனிதர் சராசரியில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இரவுச் சொட்டு என்றால் பெரும்பாலும் லாட்டனோப்ராஸ்ட் குடும்பம். பிரஷரைக் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கும். இமை முடி நீளலாம், கண் சற்றுச் சிவக்கலாம், ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டால் இரண்டு கண்ணும் வேறு மாதிரித் தெரியலாம். கொடுத்தது டிமோலால் என்ற வேறு சொட்டு என்றால் ஆஸ்துமாவோ மெதுவான இதயத் துடிப்போ இருக்கிறதா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கண்ணில் விடும் மருந்துதானே என்று இருந்துவிட முடியாது. சொட்டுக்குப் பதிலாக, நீர் வடியும் சல்லடையில் செய்யும் எஸ்எல்டி என்ற லேசரையே முதலில் செய்யலாம் என்பதற்கு 2019இல் நல்ல ஆதாரம் வந்தது. மூன்று வருடம் கழித்தும் நான்கில் மூன்று பேர் சொட்டில்லாமலே இலக்கில் இருந்தார்கள். சொட்டு ஒத்துவராவிட்டால் இதைப் பற்றிக் கேளுங்கள். லேசரோ, சொட்டோ, அறுவைச் சிகிச்சையோ, எதுவும் போன பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காக்கும். மருந்து போட்டும் ஒன்றும் மாறவில்லையே என்று அப்பா சொன்னால், மாறாமல் இருப்பதுதான் வேண்டியது என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு நாள் அவர் சொட்டு போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பாட்டிலை ஒரு முழம் மேலே பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கிச் சிமிட்டி, மூன்று சொட்டுக் கன்னத்தில் வழிய, நான்காவது இமை மேல் விழும். அவர் மருந்து போட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். கீழிமையை ஒரு விரலால் இழுத்து ஒரு குழிவு உண்டாக்கி, மேலே பார்த்தபடி ஒரே ஒரு சொட்டு, பாட்டிலின் முனை கண்ணில் படாமல். பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்குப் பக்கத்து ஓரத்தை விரல் நுனியால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து தொண்டைக்கும் ரத்தத்துக்கும் இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து என்றால் இடையில் ஐந்து நிமிடம். கை நடுங்கினால் படுத்துக்கொண்டு போடலாம், நீங்களே போட்டும் விடலாம்.

உங்கள் வயது என்ன என்று எழுதவில்லை. அப்பாவுக்கு உறுதியானால் உங்கள் அத்தை, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் ஒரு தடவை நரம்பைக் காட்ட வேண்டும், அவர்களுக்குத்தான் இப்போது வாய்ப்பு அதிகம். நீங்களும் நாற்பதைத் தொட்டிருந்தால் இந்த வருடமே, அதற்குள் என்றாலும் கண்ணாடி மாற்றப் போகும்போது 'அப்பாவுக்கு கிளாக்கோமா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பார்க்கிறவர் பார்க்கும் விதமே மாறும். அப்பாவின் அடுத்த முறைக்குக் கூடவே போய் இருவரும் சேர்ந்து காட்டிக்கொள்ளலாம். கண்மணியை விரிக்கும் சொட்டு போடுவார்கள், நான்கைந்து மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், எழுத்து கலங்கும். வண்டி ஓட்ட மூன்றாவது ஆள் ஒருவரை அழைத்துப் போங்கள்.